ஈர மலையில் ஒரு கம்பளம்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் காலை ஐந்தரை மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கினால் உள்ளங்காலில் சுரீர் என்று குளிர் ஏறுகிறது. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும். ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளி கோத்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு காலில் காலுறை மாட்டிக்கொண்டு மறு காலைத் தரையில் வைக்கப் பயந்து நொண்டி வரும். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வெயிலுக்குக் குளுமையாக இருக்கட்டும் என்றுதான் டைல்ஸ் போடுகிறார்கள். அதே டைல்ஸ், அதே சிமெண்டுத் தரை, கேமரன் மலைக்கு வந்ததும் வீட்டுக்காரர்களின் அன்றாடக் கவலையாகிவிடுகிறது.

அதனால்தான் இந்த மலையில் வாடகை வீடு பார்த்துக் குடிபோகிற குடும்பம், மெத்தைக்கும் கேஸ் அடுப்புக்கும் அடுத்தபடியாகக் கார்ப்பெட் விலையை விசாரிக்கிறது. கூடத்துக்கு ஒன்று, பிள்ளைகள் படுக்கும் அறைக்கு ஒன்று. கையில் இருப்பதோ அளவான பணம். மலிவாகக் கிடைப்பது ஆறே மாதத்தில் நாறுகிறது. நல்லது என்று கடைக்காரர் காட்டுவது மாதச் சம்பளத்தில் பெரும்பங்கைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் சரியான கம்பளத்தைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு முதலில் மலையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் நூலை.

தேயிலைக்கு நண்பன், விரிப்புக்குப் பகைவன்

கேமரன் மலையின் ஆண்டு சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸ். பகலில் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. ரிங்லெட்டை ஒட்டிய லெம்பா பெர்த்தாம், தானா ராத்தாவைவிடத் தாழ்ந்த பள்ளத்தாக்கு. அங்கே அடிக்கிற குளிர் இங்கே அடிப்பதில்லை. ஆனால் ஈரத்துக்கு இங்கேயும் குறைவில்லை. ஆண்டு முழுவதும் மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் கூடுதல். மழை நின்ற நேரத்தில் மூடுபனி.

இந்தக் குளிரையும் ஈரத்தையும் நம்பித்தான் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பாரத் தேயிலையும் வந்தது. காடழித்து, மேடு வெட்டி, கொழுந்து கிள்ள வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று தோட்ட லயங்களை விட்டு ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். ஈரம் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, கடைசியில் ஈரப்பதம் 3 விழுக்காடு அளவுக்கு வரும்வரை உலர்த்துகிறார்கள். உலர்ந்த தூளைக் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். அடைக்காமல் விட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் பக்கத்திலிருக்கும் வாசனையையும் தூள் இழுத்துக்கொள்ளும். கம்பளமும் அப்படித்தான். தேயிலைத் தூளை மூடி வைக்கலாம்; கம்பளத்தைத் திறந்துதான் போட முடியும்.

டைல்ஸ் ஏன் குளிர்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரே அறையில் கிடக்கும் டைல்ஸும் கம்பளமும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. டைல்ஸ் காலின் சூட்டை வேகமாக உறிஞ்சி எடுத்துவிடுகிறது. கம்பளத்தின் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. ஆக, காலுக்கு இதம் தருவது இழைகளுக்கு இடையில் அடங்கியிருக்கும் காற்றுதான். அந்தக் காற்று தங்குகிற இடத்தில்தான் ஈரமும் தூசியும் வந்து தங்குகின்றன. மலைவீட்டுக் கம்பளத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

வாடகை வீடு என்பதால்

சொந்த வீட்டுக்காரர் சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டிக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர் அதைச் செய்யும்முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். மலேசியாவில் இரண்டு மாத வாடகையைப் பாதுகாப்பு முன்பணமாகவும், தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கென்று அரை மாத வாடகையையும் வாங்குவது பரவலான வழக்கம். வீட்டைக் காலி செய்யும்போது தரையில் பசைக் கறையோ, ஆணி அடித்த துளையோ, பெயர்ந்த டைல்ஸோ இருந்தால் அந்த முன்பணத்தில்தான் கை வைப்பார்கள். பசை போட்டு ஒட்டிய கம்பளத்தை உரித்தால் சிமெண்டின் மேல்தோலும் சேர்ந்தே வருவதுண்டு.

இன்னொரு சங்கடம் பலருக்குத் தெரியாது. சில கம்பளங்களுக்கும் கால்மிதிகளுக்கும் அடியில் ரப்பர் பூச்சு இருக்கும். வீட்டில் ஏற்கெனவே பிவிசி விரிப்பு, அதாவது மலாயில் 'திக்கார் கெத்தா' என்கிறார்களே, அந்த ரப்பர் பாய் போட்டிருந்து அதன் மேல் இதைப் போட்டால், சில மாதங்களில் பிவிசியில் மஞ்சளாகக் கறை படியும். ரப்பரில் உள்ள வேதிப்பொருள் பிவிசிக்குள் இறங்குவதால் வரும் கறை அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ரப்பர் பாய் வீட்டுக்காரருடையது என்றால் நட்டம் குடியிருப்பவருக்கு.

ஆகவே வாடகை வீட்டுக் கம்பளத்துக்கு முதல் தகுதி, தூக்க முடிவது. இரண்டு பேர் சேர்ந்தால் சுருட்டித் தூக்க வேண்டும். அடியில் துடைத்து, காயவைத்து, மறுபடி விரிக்க வேண்டும். வீடு மாறும்போது லோரியில் ஏற்ற வேண்டும். தூக்க முடியாத கம்பளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த மலையில் அது மலிவே இல்லை.

தரையைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம்

கடைக்குப் போவதற்கு முதல் நாள் வீட்டில் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒன்றரை அடிச் சதுரமாகக் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, தரையில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட வேண்டும். ஓர் இரவு முழுக்க, குறைந்தது 16 மணி நேரம், அப்படியே கிடக்கட்டும். காலையில் தாளின் அடிப்பக்கம் வேர்த்திருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ, மண்ணிலிருந்து தரை வழியாக ஈரம் ஏறுகிறது என்று பொருள். தரைப் பூச்சுக்காரர்களும் கட்டுமானத் துறையினரும் கையாளுகிற சோதனை இது. செலவு ஒரு துண்டு டேப்.

ஈரம் ஏறுகிற தரை என்றால் அறை முழுவதையும் மூடும் கம்பளம் வேண்டவே வேண்டாம். நடுவில் மட்டும் சின்னதாக ஒன்று, வாரம் ஒரு முறை தூக்கிப் பார்க்கிறபடி போதும். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் சரிவை ஒட்டிய பின்சுவர்ப் பக்கம் ஈரம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. அந்த அறையைத் தனியாகச் சோதிப்பது நல்லது.

அடுத்தது அளவு. கூடம் முழுவதையும் மூடத் தேவையில்லை. உட்காரும் இடம், பிள்ளை தவழும் இடம், கட்டிலிலிருந்து கால் இறங்கும் இடம் ஆகியவை போதும். கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் 160க்கு 230 செண்டிமீட்டர் என்பது பரவலான அளவு. அடிக்கணக்கில் ஏறக்குறைய ஐந்தேகாலுக்கு ஏழரை. நான்கைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட அது போதும்.

சுருளிலிருந்து வெட்டி வாங்குபவர்கள் சுருளின் அகலத்தைக் கேட்காமல் விலை பேசக் கூடாது. 12 அடி அகலச் சுருள் என்று வைத்துக்கொள்வோம். அறை 10க்கு 12 என்றால் 10 அடி நீளம் வெட்டினால் சரியாகப் பொருந்தும்; 120 சதுர அடிக்குப் பணம் கொடுத்து 120 சதுர அடியையும் விரிக்கலாம். அறை 10க்கு 13 என்றால் கதை வேறு. 13 அடி வெட்ட வேண்டும், 156 சதுர அடிக்குப் பணம் கொடுக்க வேண்டும். அறையோ 130 சதுர அடிதான். 26 சதுர அடி துண்டாக மிஞ்சும். அந்தத் துண்டைக் கடையில் விட்டுவிட்டு வராமல் ஓரம் தைத்து வாங்கிக்கொண்டால் கட்டிலோரத்துக்கோ சாமி அறை வாசலுக்கோ ஆகும்.

எந்த நூல்?

கடைக்காரர் முதலில் நிறத்தைக் காட்டுவார், வடிவத்தைக் காட்டுவார். கேட்க வேண்டிய முதல் கேள்வி நூலைப் பற்றியது.

கம்பளி அருமையான பொருள். தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. உலர்ந்த குளிர்நாட்டில் அது வரம். எப்போதும் ஈரமாக இருக்கும் மலையிலோ அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். ஆட்டு வாடை வரும், பூச்சி அரிக்கும். விலையும் உச்சத்தில் இருக்கும். வாடகை வீட்டுக் குடும்பத்துக்கு அது உகந்ததில்லை.

சணல் பார்க்க அழகு, மலிவும்கூட. ஆனால் ஈரத்தில் முதலில் கறுப்பதும் இற்றுப்போவதும் அதுதான்.

பட்டுப் போல மின்னுகிற, தொட்டால் வழுக்குகிற கம்பளத்தை மலிவாகக் கொடுத்தால் பெரும்பாலும் அது விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. நனைந்தால் வலு இழக்கும். ஒரு தம்ளர் தண்ணீர் கொட்டினாலே மஞ்சள் வட்டம் விழும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

நைலான் உழைப்பாளி. நடந்து நடந்து அமுங்கினாலும் மறுபடி எழுந்து நிற்கும். கொஞ்சம் ஈரம் வாங்கும், கறை பிடிக்கும், விலை நடுத்தரத்துக்கு மேலே.

பாலியெஸ்டர் மெத்தென்று இருக்கும், நிறம் நன்றாகப் பிடிக்கும். நடக்கும் வழியில் சீக்கிரம் படிந்துவிடும். ஆள் நடமாட்டம் குறைந்த படுக்கையறைக்குச் சரி.

மலைக்கும் பைக்கும் பொருந்துவது பாலிப்ரொப்பிலீன். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டா 1954இல் ஆய்வகத்தில் உருவாக்கிய பொருள் இது. 1963இல் கார்ல் சீக்லருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நூலாக இழுக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுவதால் வெயிலிலும் சோப்பிலும் எளிதில் வெளுக்காது. கழுவினால் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. குறை இல்லாமலும் இல்லை. சூடு தாங்காது, பளுவான நாற்காலியை அதன்மேல் இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பளபளப்பான கோடு விழும். எண்ணெய்க் கறையைப் பற்றிக்கொள்ளும். கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணித் தட்டு, குத்துவிளக்கு எதுவும் அதன் பக்கத்தில் இருக்கவே கூடாது. உருகித் தீப்பற்றும்.

கடைக்காரர் சொல்வதை எப்படி நம்புவது? கம்பளத்தின் ஓரத்திலிருந்து இரண்டு இழையைக் கேட்டு வாங்கி ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கிவிட வேண்டும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது; மிதக்கும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

விரலால் ஒரு பரிசோதனை

நூல் தெரிந்தபின் நெசவைப் பார்க்க வேண்டும். கம்பளத்தின் ஒரு மூலையைப் பின்பக்கமாக மடக்கினால் முன்பக்க இழைகள் விரியும். இழைகளுக்கு நடுவே அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நெருக்கம் போதாது. அப்படிப்பட்டது ஓராண்டில் வழுக்கை விழுந்துவிடும். நெருக்கமான குட்டை இழை, நெருக்கமில்லாத நெட்டை இழையைவிட நெடுநாள் உழைக்கும். கை முழுக்கப் புதைகிற சடைக் கம்பளம் கடையில் மயக்கும். வீட்டில் தூசியையும் சோற்றுப் பருக்கையையும் ஈரத்தையும் அடியில் ஒளித்துவைக்கும். மலைவீட்டுக்கு இழை உயரம் ஒரு செண்டிமீட்டருக்குள் இருந்தால் கழுவவும் காயவைக்கவும் எளிது.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து இருபது தடவை தேய்த்துப் பார்க்கலாம். சாயம் ஏறினால் டைல்ஸிலும் ஏறும். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் சுரண்டினால் மாவாக உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி உதிர்கிற பூச்சு சில ஆண்டுகளில் பொடியாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஓரத் தையலை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக மூக்கு. புதுக் கம்பளத்தில் கொஞ்சம் ரசாயன வாடை இருக்கும், அது காற்றாடப் போட்டால் போய்விடும். புளித்த ஈரவாடை அடித்தால் கிடங்கிலேயே அது நனைந்துவிட்டது.

சில கம்பளங்களின் சீட்டில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை லட்சம் முடிச்சு என்று போட்டிருக்கும். இயந்திரக் கம்பளத்தில் கையால் போடும் முடிச்சு கிடையாது. அந்த எண் இழைகளின் நெருக்கத்தைக் குறிக்கிறது. ஒரே நூலில் செய்த இரண்டு கம்பளங்களை ஒப்பிட மட்டும் அது உதவும். 'துருக்கி' என்று எழுதியிருப்பதும் அப்படியே. துருக்கியின் காசியன்டெப் நகரம் இயந்திரக் கம்பளத் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று. அங்கிருந்து நல்ல சரக்கும் வருகிறது, சாதாரணச் சரக்கும் வருகிறது.

கம்பளம் எப்போது மலிவானது?

கம்பளம் நெடுங்காலம் அரண்மனைப் பொருள். இன்று கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய முழுக் கம்பளம், சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் ஒரு தலைவனின் கல்லறையில் இருந்தது. ரஷ்யத் தொல்லியலாளர் செர்கேய் ருடென்கோ 1949இல் கண்டெடுத்தார். வயது ஏறக்குறைய 2,400 ஆண்டு. அளவு ஏறக்குறைய 183க்கு 200 செண்டிமீட்டர். நம் கூடத்தில் விரிக்கிற அளவுதான். கல்லறைக்குள் புகுந்த நீர் பனிக்கட்டியாக உறைந்து அதைக் கெடாமல் காத்தது. உறையாமல் ஈரமாகவே நின்றிருந்தால் ஓர் இழைகூட மிஞ்சியிருக்காது.

அரண்மனைப் பொருளைக் கூலிக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்த மாற்றம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரில் தொடங்கியது. கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் 1895இல் துணியில் தடித்த நூலைக் குத்தி, வெட்டி, கொத்துக் கொத்தாக நிற்கும் படுக்கைவிரிப்பு ஒன்றைக் கையால் செய்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பிறகு அந்தக் கைவேலையை இயந்திரம் கற்றுக்கொண்டது. நெய்வதற்குப் பதிலாக, ஆயத்தத் துணியில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் இழையைக் குத்தி இறக்கும் முறை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகலமான கம்பளங்களுக்கும் அது வந்தது. டால்டன் உலகின் கம்பளத் தலைநகர் என்று பெயரெடுத்தது. ரிங்லெட் வீட்டில் கிடக்கும் சுருள் கம்பளத்தின் அடியில் இரட்டைத் துணி ஒட்டியிருந்தால், அது அந்தப் படுக்கைவிரிப்பின் வழிவந்தது.

பவானியிலிருந்து பெர்த்தாம் வரை

தமிழர் வீட்டில் கார்ப்பெட் வருவதற்கு முன்பே தரைவிரிப்பு இருந்தது. பத்தமடைக் கோரைப்பாய், அதற்கு மேல் ஜமக்காளம். ஈரோடு மாவட்டத்தில், பவானி ஆறு காவிரியில் கலக்கும் ஊரில், தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்யும் பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகலமான ஜமக்காளத்தை இரண்டு நெசவாளர்கள் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருந்தும், சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் பவானியின் பெயரில் விற்கப்படுவது அந்த நெசவாளர்களின் நீண்டகால வேதனை.

மலைவீட்டுக்கு ஜமக்காளம் ஏற்றதா? இழைமுடி இல்லை, எனவே தூசி ஒளிய இடமில்லை. இரண்டு பக்கமும் விரிக்கலாம். மடித்தால் பெட்டிக்குள் அடங்கும். தமிழ்நாடு போய்த் திரும்புகிறவர்கள் மூட்டையில் வைத்துக் கொண்டுவர முடிகிற பொருள். பருத்தி ஈரம் வாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜமக்காளத்தைத் தினமும் உதறி மடித்து வைப்பது நம் வீட்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் இருக்கிற வரைக்கும் பூஞ்சை பிடிக்காது. பிவிசி பாயை அடியில் போட்டு, ஆட்கள் உட்காரும்போது மட்டும் மேலே ஜமக்காளம் விரிப்பது மிகக் குறைந்த செலவில் குளிரைத் தடுக்கும் வழி.

இன்னொரு வழி, கார்ப்பெட் டைல்ஸ். 50க்கு 50 செண்டிமீட்டர் சதுரங்களாக அலுவலகங்களில் போடுவது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பரப்பளவுக் கணக்கில் 45 துண்டு. ஓரத்தில் வெட்டுவதற்குச் சில துண்டு கூடுதல். அலுவலகம் இடம் மாறும்போது பழையவை மலிவாக விலைக்கு வரும். பிள்ளை மைலோவைக் கொட்டினால் அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கழுவலாம். பளுவாக இருப்பதால் பசை இல்லாமலே ஓரளவு நிற்கும். அடுத்த வீட்டு அறை வேறு அளவில் இருந்தாலும் பொருந்தும். பழையதை வாங்குபவர்கள் பகல் வெளிச்சத்தில், பின்பக்க ஓரங்களில் மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எங்கே, எப்போது?

மலையிலுள்ள கடைகளிலும் இரவுச்சந்தையிலும் சின்ன விரிப்புகள் கிடைக்கும். பெரியதாக வாங்குபவர்களுக்குக் கீழே இறங்குவதே நல்லது. ரிங்லெட்டிலிருந்து தாப்பா ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வளைவுச் சாலை. கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கினால் ஈப்போ. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்பு கம்பளக் கடைகளில் சரக்கும் கூட்டமும் சேர்ந்தே கூடும். பண்டிகை முடிந்த வாரங்களில் தேங்கிய சரக்கை விலை பேச இடமுண்டு.

சாமான் ஏற்ற லோரி பேசும்போது கூலியையும் கம்பள விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். விலையை அது உழைக்கும் மாதங்களால் வகுத்தும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, 150 வெள்ளிக் கம்பளம் ஓராண்டில் குப்பைக்குப் போனால் மாதம் 12 வெள்ளி 50 காசு. 360 வெள்ளிக் கம்பளம் ஐந்தாண்டு உழைத்தால் மாதம் 6 வெள்ளி. இந்தக் கணக்கு, கம்பளத்தை ஒழுங்காகப் பராமரிக்கிற வீட்டுக்குத்தான் பொருந்தும்.

வாங்கியதற்கான ரசீதில் நூலின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குவது முக்கியம். பாலிப்ரொப்பிலீன் என்று விற்றது வேறாக இருந்தாலோ, வாக்குறுதி பொய்த்தாலோ, மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தை அணுகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ரசீது இருந்தால் பேசுவதற்குப் பலம் இருக்கும்.

தூசிப்பூச்சிக்கு இடம் கொடுக்காமல்

இருமல், தும்மல், இளைப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் கம்பளம் வாங்கும்முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 70, 80 விழுக்காடு ஈரப்பதமும் அதற்குச் சுகம். மலைவீட்டின் மூடிய அறை ஏறக்குறைய அதைத்தான் தருகிறது. அதன் எச்சம்தான் பலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுகிறது. இளைப்பு உள்ள பிள்ளையின் படுக்கையறையில் கம்பளமே வேண்டாம். சுடுதண்ணீரில் துவைக்க முடிகிற சின்னப் பருத்தி விரிப்பும் ஒரு ஜோடிக் காலுறையும் போதும். 60 டிகிரி சுடுதண்ணீரில் தூசிப்பூச்சி சாகும்.

மற்ற அறைகளுக்கு வாரம் இரண்டு முறை வேக்கும். மாதம் ஒரு முறை முழுக்கச் சுருட்டி, தரையைத் துடைத்து, கம்பளத்தின் முதுகைக் காற்றாட விடுவது. மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் காலை வெயிலே கைகொடுக்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை சற்று ஓயும், பெரிய கழுவலை அப்போது வைத்துக்கொள்ளலாம். நனைந்த கம்பளம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை வேர் பிடிக்கும். மேல்பக்கம் காய்ந்ததும் விரித்துவிடக் கூடாது. அடித்துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும்.

லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு இன்னொரு ஈரமும் நினைவிருக்கிறது. ரிங்லெட்டில் இருக்கிற சுல்தான் அபுபாக்கார் அணை, கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டு 1963இல் முடிந்தது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், கனமழைக்குப் பின் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பெர்த்தாம் ஆற்றில் பெருகி, கரையோர வீடுகளுக்குள் சேற்றோடு புகுந்தது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஆற்றோரம் குடியிருப்பவர்கள் கம்பளத்தில் பெரும் பணத்தைப் போடாமல் இருப்பதற்கு அந்த இரவே காரணம் சொல்லும். சேற்று வெள்ளத்தில் நனைந்த கம்பளத்தைக் கழுவிக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. கழிவுநீர் கலந்த வெள்ளம் அது. அந்தக் கம்பளத்தை வீசிவிடுவதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. மேட்டு வீட்டிலும் குழாய் உடைந்தால், கூரை ஒழுகினால், முதலில் சுருட்டி வெளியே எடுக்க வேண்டியது கம்பளத்தைத்தான்.

முன்பணத்தைக் காக்க, குடிபோகிற அன்றே வெறுந்தரையை நான்கு மூலையும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைக்கலாம். கம்பளம் வழுக்காமலிருக்க இருபக்கப் பசை டேப்புக்குப் பதில், அடியில் விரிக்கும் வலைப்பாய் போட்டால் தரையில் கறை விழாது. பிவிசி தரை என்றால் ரப்பரில் செய்யாத வலைப்பாயா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு, மூன்று ஆண்டு கழித்து வீடு மாறுகிற நாள் வரும். வாசலில் லோரி நிற்கும். அலமாரியும் கட்டிலும் ஏறியபின், கூடத்தில் கிடந்த கம்பளத்தை ஒருவர் ஒரு முனையில் பிடித்துச் சுருட்ட, இன்னொருவர் மறுமுனையைத் தூக்க, அது தோளில் ஏறும். வீட்டுக்காரர் குனிந்து தரையைப் பார்ப்பார். முதல் நாள் எடுத்த படத்தில் இருந்த அதே டைல்ஸ், அதே நிறம். முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு குடும்பம் அடுத்த வீட்டுக்குப் புறப்படும். இரவு சமையல் ஆவதற்கு முன்பே அந்தக் கம்பளம் புதுக் கூடத்தில் விரிந்திருக்கும்.